நாட்டைக் காலால் அளந்த நல்லவர்

விளையாட்டு விழா நெருங்கும் நாட்களில் நம் பள்ளி மைதானத்தில் மாலை வேளையில் ஓர் இனிய காட்சியைக் காணலாம். சூரியன் சாயத் தொடங்கியதும் மாணவியர் சிலர் வெண்ணிறக் கோடிட்ட பாதையில் சுற்றிச் சுற்றி ஓடுவார்கள். நூறு மீட்டர் ஓடுபவள் மின்னலாய்ப் பாய்ந்து நொடியில் முடித்து விடுவாள். கைதட்டலும் அவளுக்கே கிடைக்கும். ஆனால், நீண்ட தூரம் ஓடுபவளைக் கவனித்திருக்கிறீர்களா? அவளைப் பார்க்க யாரும் நிற்பதில்லை. எத்தனையாவது சுற்று என்பது அவளுக்கு மட்டுமே தெரியும். கால் வலிக்கிறது, நெஞ்சு எரிகிறது, தோழியர் வீடு திரும்பி விட்டார்கள். எனினும், இன்னும் ஒரு சுற்று என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு அவள் ஓடுகிறாள்.

நானூறு மீட்டர்ப் பாதையை 25 முறை சுற்றினால் 10 கிலோ மீட்டர். அதை ஒரு நாள் செய்வதே அரிது. வாரத்தில் ஒரு நாள் செய்பவரைப் பாராட்டுகிறோம். நாள் தவறாமல், மழையென்றும் வெயிலென்றும் பாராமல், பதின்மூன்று ஆண்டுகள் செய்தவர் ஒருவர் உண்டென்றால் நம்புவீர்களா? அவர் தொடங்கியபோது இளைஞரும் அல்லர், வயது 55. வயிற்றுப் புண்ணால் வாடிய மெலிந்த உடல். அவர் கலந்து கொண்டது பந்தயமும் அன்று. முடிவில் பதக்கமும் இல்லை. அவர் நடந்ததெல்லாம் பிறருக்காக. அவரே ஆசாரிய வினோபா பாவே. நம் நாட்டில் தம் வாழ்நாளில் மிக நெடுந்தூரம் கால்நடையாகவே சென்ற பெருமக்களுள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர். அவருடைய வாழ்க்கையைச் சற்றே காண்போம்.

அன்னை இட்ட அடித்தளம்

மராட்டிய நாட்டில் கொலாபா மாவட்டத்தில் ககோதே என்றொரு சிற்றூர். இன்று அது ராய்கட் மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்கே 1895ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள் நரஹரி பாவே, ருக்மிணி தேவி தம்பதியருக்கு மூத்த மகனாகப் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் விநாயக். தந்தை பரோடாவில் பணியாற்றியவர். எதையும் கணக்குப் பார்த்துச் செய்யும் அறிவியல் மனம் படைத்தவர். தாயோ அதிகம் படித்தவர் அல்லர். ஆனால் பக்தியிலும் ஈகையிலும் சிறந்தவர்.

வீட்டுத் தோட்டத்தில் பலாப்பழம் பழுத்தால் பிள்ளைகள் ஆவலுடன் சூழ்ந்து கொள்வார்கள். தாய் உடனே கொடுத்து விட மாட்டார். முதலில் அக்கம் பக்கத்து வீடுகளுக்குப் பங்கிட்டு, அவற்றைக் கொண்டு போய்க் கொடுத்து வரும்படி மகனையே அனுப்புவார். அதன் பின்னரே வீட்டாருக்கு. கொடுத்து உண்பதே முறை என்பதைச் சிறுவன் புத்தகத்தில் படித்து அறியவில்லை. பலாச்சுளை ஏந்திய தன் கைகளாலேயே அறிந்தான்.

மற்றொரு நிகழ்ச்சி. அன்னை ஒருமுறை இறைவனுக்கு ஒரு லட்சம் அரிசி மணிகளைக் காணிக்கையாக்குவதென நேர்ந்து கொண்டு, நாள்தோறும் ஒவ்வொரு மணியாக எண்ணி வைத்து வந்தார். அதைக் கண்ட தந்தை, ஒரு தோலா அரிசியில் எத்தனை மணி என்று எண்ணிவிட்டு மீதியை நிறுத்துக் கொண்டால் வேலை எளிதாகுமே என்றார். தாய்க்கு மறுமொழி சொல்லத் தெரியவில்லை. மகனைக் கேட்டார். எண்ணிக்கை முக்கியமல்ல, ஒவ்வொரு மணியையும் எடுக்கும்போது இறைவனை நினைக்கிறாரே அதுவே வழிபாடு என்று மகன் விளக்கினான். தாய் மகிழ்ந்தார். லட்சம் மணிகளை ஒவ்வொன்றாய் எண்ணிய அன்னையின் மகன், பிற்காலத்தில் கோடிக்கணக்கான காலடிகளை ஒவ்வொன்றாய் எடுத்து வைத்ததில் வியப்பில்லை!

நடை தொடங்கிய கதை

பரோடாவில் படித்த நாட்களில் விநாயகுக்கு இரண்டே பொழுதுபோக்குகள். ஒன்று, நூல் நிலையத்தில் படிப்பது. மற்றொன்று, நெடுந்தூரம் நடப்பது. 1916ஆம் ஆண்டு இண்டர்மீடியட் தேர்வு எழுதுவதற்காகப் பம்பாய்க்கு ரயிலேறியவர், வழியில் சூரத் நிலையத்திலேயே இறங்கிக் காசிக்குச் சென்று விட்டார். தம் சான்றிதழ்களை அதற்கு முன்பே அடுப்பிலிட்டுக் கொளுத்தியவர் அவர். மாணவியரே, இதை மட்டும் நீங்கள் பின்பற்ற வேண்டா! படிப்பை வெறுத்து அவர் அவ்விதம் செய்யவில்லை. உத்தியோகத்துக்காகப் படிப்பதைத் துறந்தாரே தவிர, கற்பதை வாழ்நாள் முழுவதும் விட்டாரில்லை. இந்திய மொழிகள் பலவற்றையும் அயல் மொழிகள் சிலவற்றையும் கற்றவர் அவர்.

காசியில் இருந்தபோது, அங்குள்ள இந்துப் பல்கலைக்கழகத்தில் காந்தியடிகள் ஆற்றிய உரையைப் பற்றி அறிந்து அவருக்குக் கடிதம் எழுதினார். அழைப்பு வந்தது. 1916 ஜூன் 7ஆம் நாள் ஆமதாபாத்தை அடுத்த கோச்ரப் ஆசிரமத்தில் இருவரும் முதன்முறையாகச் சந்தித்தனர். அன்று முதல் விநாயக் வினோபாவானார்.

மறு ஆண்டில் உடல் நலம் பேணவும் வடமொழி பயிலவும் ஓராண்டு விடுப்பு வேண்டி வாய் என்ற ஊருக்குச் சென்றார். அந்த ஓராண்டில் மராட்டியக் கிராமங்களினூடே ஏறத்தாழ 400 மைல் கால்நடையாகவே சுற்றி, ஊர் ஊராகக் கீதை வகுப்புகள் நடத்தினார். திரும்பி வருவதாகச் சொன்ன நாளில் தவறாமல் ஆசிரமத்தில் வந்து நின்றார். சொன்ன சொல் தவறாமை, சலியாத கால்கள் என்ற இரண்டு செல்வங்கள் அப்போதே அவரிடம் சேர்ந்து விட்டன.

1921ஆம் ஆண்டு ஏப்ரலில் காந்தியடிகளின் விருப்பப்படி வார்தா ஆசிரமப் பொறுப்பை ஏற்றார். நூல் நூற்றல், நெய்தல், நிலம் கொத்துதல், துப்புரவுப் பணி ஆகியவையே அவருடைய அன்றாட வாழ்க்கை. 1940இல் தனிநபர் சத்தியாக்கிரகம் தொடங்கியபோது, நாடறிந்த தலைவர்கள் பலர் இருக்க, முதல் சத்தியாக்கிரகியாகக் காந்தியடிகள் தேர்ந்தெடுத்தது வினோபாவைத்தான். 1942 போராட்டத்தில் கைதான அவரை நம் வேலூர்ச் சிறையிலும் அடைத்து வைத்தார்கள். சிறையென்று அவர் சோர்ந்திருக்கவில்லை. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய நான்கு மொழிகளையும் பயிலத் தலைப்பட்டார். தமிழ் நாட்டு மக்களைச் சந்திக்கும் நாளுக்கு அவர் அறியாமலே அங்கே ஆயத்தம் நடந்தது எனலாம்.

வெள்ளத்தின் மறுகரையில்

பெரிய சாதனைகளுக்கு முன் சிறிய பழக்கங்கள் உண்டு. 1946ஆம் ஆண்டு முதல் வினோபா ஒரு விரதம் மேற்கொண்டார். பவனார் ஆசிரமத்திலிருந்து மூன்று மைல் தொலைவில் சுர்காவ் என்றொரு கிராமம். நாள்தோறும் காலையில் தோளில் மண்வெட்டியைச் சுமந்து அங்கே நடந்து செல்வார். திறந்தவெளியில் கிடக்கும் மலத்தை அப்புறப்படுத்தித் தெருக்களைத் துப்புரவு செய்து திரும்புவார். போக வர ஆறு மைல். அதாவது சுமார் 10 கிலோ மீட்டர். அவ்வேலையைச் செய்பவரைத் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கிய காலம் அது. உயர்குலத்தில் பிறந்த ஓர் அறிஞர் அதையே நாள்தோறும் செய்தார்.

ஒரு நாள் பெருமழை. இடையில் உள்ள ஓடையில் வெள்ளம் புரண்டோடியது. கடக்க இயலவில்லை. வேறொருவராயிருந்தால் வீட்டிலேயே தங்கியிருப்பார். வினோபா கரை வரையில் நடந்தார். எதிர்க்கரையில் நின்றவரைக் கூவி அழைத்து, ஊர்த் துப்புரவுத் தொழிலாளி வந்து போனதாகக் கோயிலில் தெரிவித்து விடும்படி கேட்டுக்கொண்டு திரும்பினார். அன்று அவர் செய்த வேலை ஒன்றுமில்லை என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் ஒரு நாளும் தவறவில்லை என்ற நிறைவு அவருக்கு இருந்தது. நீண்ட தூரம் ஓடும் நம் மாணவிக்கு இதன் பொருள் நன்கு விளங்கும். ஒரு நாள் விட்டு விட்டால் மறுநாள் விடுவது எளிதாகி விடும் அன்றோ?

போச்சம்பள்ளியில் ஒரு மாலை

1951ஆம் ஆண்டு ஐதராபாத்தை அடுத்த சிவராம்பள்ளியில் சர்வோதய மாநாடு கூடியது. வினோபா வர வேண்டுமென்று நண்பர்கள் வற்புறுத்தினர். சம்மதித்தார், ஆனால் ரயிலில் அன்று, நடந்தே! மார்ச் 8ஆம் நாள் புறப்பட்டுச் சுமார் 300 மைல் நடந்து மாநாட்டை அடைந்தார்.

அப்போது தெலுங்கானாப் பகுதி தீப்பற்றி எரிந்து கொண்டிருந்தது. நிலம் சிலரிடம் குவிந்து கிடக்க, உழுதவர்கள் பசியால் வாடினர். 1946 முதல் பொதுவுடைமைக் கட்சியினர் தலைமையில் உழவர்கள் ஆயுதமேந்திப் போராடினர். அரசாங்கமும் படையைக் கொண்டு அடக்கியது. இரவில் ஒரு சாராருக்கும் பகலில் மற்றொரு சாராருக்கும் அஞ்சி மக்கள் வாழ்ந்தனர். அந்தப் பகுதிக்குள்தான் கையில் ஆயுதமின்றி, காவலுமின்றி வினோபா நடந்தார்.

ஏப்ரல் 18ஆம் நாள் நல்கொண்டா மாவட்டத்துப் போச்சம்பள்ளியை அடைந்தார். அங்கிருந்த அரிசனக் குடும்பங்கள் நாற்பது. தங்களுக்கு என்ன வேண்டுமென்று அவர் கேட்டபோது, எண்பது ஏக்கர் நிலம் கிடைத்தால் உழுது பிழைத்துக் கொள்வோம் என்றார்கள். அரசாங்கத்துக்கு எழுதிப் பார்க்கலாம் என்று முதலில் நினைத்தவர், பின்பு கூடியிருந்த ஊராரை நோக்கி, இவர்களுக்கு உதவுவார் உங்களில் எவரேனும் உண்டா என்று வினவினார். ராமச்சந்திர ரெட்டி என்ற நிலக்கிழார் எழுந்து, நூறு ஏக்கர் தருவதாக அறிவித்தார்!

அன்றிரவு வினோபாவுக்கு உறக்கம் வரவில்லை. நாடெங்கும் நிலமற்ற ஏழைகள் கோடிக்கணக்கில் இருக்க, இவ்விதம் கேட்டுப் பெற்றே தீர்த்து விட முடியுமா என்ற ஐயம் அவரை வாட்டியது. அதே சமயம், கேட்காமலே இருப்பது கோழைத்தனம் என்றும் தோன்றியது. கேட்பதென முடிவு செய்தார். அன்று பிறந்ததே பூமிதான இயக்கம். தெலுங்கானாவில் மட்டும் ஏழு வாரங்களில் 200 கிராமங்களைக் கடந்து சுமார் 12,000 ஏக்கர் பெற்றார்.

ஆறாவது மகன்

அதே ஆண்டு செப்டம்பரில், திட்டக் குழுவினருடன் பேச வருமாறு பிரதமர் ஜவாஹர்லால் நேரு டில்லிக்கு அழைத்தார். விமானம் அனுப்பத் தயாராக இருந்த காலத்திலும் வினோபா நடந்தே போனார். டில்லி சேர இரண்டு மாதங்கள் ஆயின. வழியெல்லாம் நிலம் கேட்டுக்கொண்டே சென்றார்.

அவர் கேட்ட முறை எளியது. உமக்கு ஐந்து பிள்ளைகள் இருந்தால் என்னை ஆறாவது பிள்ளையாக எண்ணி எனக்குரிய பங்கைத் தாரும். அதை நான் ஏழைக்குத் தருவேன் என்பதே அவர் வேண்டுகோள். நாட்டின் சாகுபடி நிலம் 30 கோடி ஏக்கர் என்றால், ஆறில் ஒரு பங்கு 5 கோடி ஏக்கர். அதை 1957க்குள் பெற வேண்டுமென்பது அவர் வகுத்த குறிக்கோள்.

அவருடைய ஒரு நாள் எப்படிக் கழிந்தது தெரியுமா? விடியற்காலை மூன்று மணியளவில் எழுந்து வழிபாடு. பின்னர் இருளிலேயே புறப்பாடு. முன்னே ஒருவர் அரிக்கேன் விளக்கேந்திச் செல்ல, பின்னே வினோபா விரைந்து நடப்பார். இளைஞர்களே அவருக்கு ஈடுகொடுக்க முடியாமல் ஓட வேண்டியிருக்கும். வெயில் ஏறுமுன் அடுத்த ஊர். பிற்பகலில் நிலக்கிழார்களையும் ஊழியர்களையும் சந்திப்பு. மாலையில் கூட்டு வழிபாடும் உரையும். உணவு பெரும்பாலும் தயிரும் சிறிது வெல்லமும். முன்னிரவிலேயே உறக்கம். மறுநாள் மீண்டும் அதே இருள், அதே விளக்கு, புதிய பாதை.

நாளொன்றுக்கு 15 கிலோ மீட்டர் என்று வைத்துக்கொண்டு ஒரு பெருக்கல் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓராண்டுக்கு 5,475 கிலோ மீட்டர். பதின்மூன்று ஆண்டுகளுக்கு 71,175 கிலோ மீட்டர். நோயுற்றுத் தங்கிய நாட்களைக் கழித்தாலும், அவர் நடந்த மொத்த தூரத்தை 60,000 முதல் 70,000 கிலோ மீட்டர் வரை கணக்கிட்டிருக்கிறார்கள். பூகோளப் பாடத்தில் பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கிலோ மீட்டர் என்று படித்திருக்கிறோம். அப்படியானால், அந்த முதியவர் உலகையே ஒன்றரை முறை நடந்து சுற்றியதற்கு ஒப்பாகும்!

முட்களும் மலர்களும்

இப்பாதை மலர் விரித்த பாதையன்று. 1952 டிசம்பரில் பீகாரில் சாண்டில் என்னுமிடத்தில் கடும் மலேரியாக் காய்ச்சல் கண்டு உயிருக்கே ஆபத்தாயிற்று. முதலில் மருந்துண்ண மறுத்தவர், அன்பர்களின் வேண்டுகோளுக்கு இணங்கி உண்டார்; தேறியதும் மீண்டும் நடந்தார். 1953இல் அரிசனங்களுடன் தேவ்கர் ஆலயத்தினுள் செல்ல முயன்றபோது அங்கிருந்த சிலர் தாக்கினர். அடிபட்ட பின் அவருடைய காது ஒன்றில் கேள்வித் திறனும் குறைந்தது. ஆயினும் தாக்கியவர்களைத் தண்டிக்க வேண்டா என்று கேட்டுக்கொண்டார். மறுநாளும் நடை நிற்கவில்லை.

பீகாரில் மட்டும் 20 லட்சம் ஏக்கருக்கு மேல் நிலம் கிடைத்தது. பெருநிலக்கிழார்கள் மட்டுமல்லர், சில சென்ட் நிலமே உடைய ஏழைகளும் அதில் ஒரு பகுதியைத் தந்தார்கள். ஆலயத்தில் இரு காசு காணிக்கையிட்ட ஏழைக் கைம்பெண்ணின் கதையை அறிந்த நமக்கு அவர்களுடைய ஈகையின் அளவு விளங்கும்.

அவருடைய புகழ் கடல் கடந்தும் பரவியது. இத்தாலியில் பிறந்த கத்தோலிக்க அறிஞர் லான்சா தெல் வாஸ்தோ 1954இல் வந்து அவருடன் நடந்து, அந்த அனுபவத்தை நூலாக எழுதினார். வினோபாவும் பிற சமயங்களை ஆழ்ந்து கற்றவர். திருக்குர்ஆனின் சாரத்தைத் தொகுத்தது போலவே, கிறிஸ்தவ சமய போதனைகளின் சாரத்தையும் தொகுத்து வெளியிட்டார். 1958இல் சமூகத் தலைமைக்கான முதல் ரமோன் மக்சேசே விருது அவருக்கு அளிக்கப்பட்டது. 1960 மே மாதத்தில் சம்பல் பள்ளத்தாக்கில் அவர் நடந்தபோது, கொள்ளையர் சுமார் இருபது பேர் துப்பாக்கிகளை அவர் காலடியில் வைத்துச் சரணடைந்தனர். 1962 செப்டம்பரில் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானிலும் நடந்தார். அங்கும் ஏழைகளுக்கு நிலம் கிடைத்தது.

தமிழ் மண்ணில் தடங்கள்

1956 மே மாதத்தில் வினோபா தமிழ் நாட்டில் அடியெடுத்து வைத்தார். அம்மாத இறுதியில் அகில இந்திய சர்வோதய மாநாடு காஞ்சிபுரத்தில் நடந்தது. நம் ஐயப்பன்தாங்கலிலிருந்து பூந்தமல்லி வழியாக மேற்கே செல்லும் நெடுஞ்சாலையில் பயணம் செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் அடையக் கூடிய நகரம் அது. ஏறக்குறைய ஓராண்டு காலம் தமிழகத்தின் மாவட்டங்களில் நடந்தார். வேலூர்ச் சிறையில் பயின்ற தமிழ் அப்போது துணைக்கு வந்தது. திருக்குறளையும் திருவாசகத்தையும் போற்றியவர் அவர். மதுரை மாவட்டத்தில் ஊர் முழுவதையும் பொதுவுக்கு அளிக்கும் கிராமதானங்கள் பல நிகழ்ந்தன. 1956 இறுதியில் பழனியில் ஒரு துணிவான முடிவெடுத்தார். இயக்கத்தின் குழுக்களைக் கலைத்து, நிதி உதவியையும் விட்டு, மக்களை மட்டுமே நம்பி நடப்பதென்பதே அது. 1957 ஏப்ரலில் கன்னியாகுமரியில், கடலைச் சான்றாகக் கொண்டு, கிராம சுயராஜ்யம் மலரும் வரை நடை ஓயாதென உறுதி பூண்டார்.

நம் ஊரின் பெயரைச் சற்று எண்ணிப் பாருங்கள். தாங்கல் என்றால் வயலுக்கு நீர் தேக்கும் சிறு ஏரி. ஒரு காலத்தில் ஏற்றமும் ஏருமாக இருந்த இப்பகுதியில் இன்று வீடுகளும் கடைகளும் நெருங்கி நிற்கின்றன. மண்ணைச் சதுர அடியில் அளந்து விலை பேசுகிறோம். அரை அடி வரப்புக்காக அண்ணனும் தம்பியும் நீதிமன்றம் ஏறுவதையும் காண்கிறோம். இதே நாட்டில்தான், முன்பின் அறியாத ஒரு முதியவர் வந்து கேட்டதும் மக்கள் தங்கள் பட்டா நிலத்தைப் பிறருக்கு எழுதிக் கொடுத்தார்கள் என்பதை மறக்கலாகாது.

எல்லைக் கோட்டை எட்டினாரா?

1964 ஏப்ரல் 10ஆம் நாள், பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின், வினோபா பவனார் ஆசிரமத்துக்குத் திரும்பினார். வயது 68. மொத்தத்தில் அவ்வியக்கம் பெற்ற நிலம் சுமார் 42 லட்சம் ஏக்கர். எந்தச் சட்டத்தின் வற்புறுத்தலுமின்றி, அன்பினால் மட்டும் இவ்வளவு நிலம் கைமாற இசைந்தது உலகமே வியந்த செய்தி.

ஆனால் உண்மையை மறைத்தல் கூடாது. அவர் வகுத்த குறிக்கோள் 5 கோடி ஏக்கர். கிடைத்ததோ அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கிடைத்த நிலத்திலும் ஒரு பகுதி பாறையாகவும் களராகவும் இருந்தது; ஒரு பகுதி வழக்குகளில் சிக்கியது; வாக்களித்தவர் சிலர் பின்பு பின்வாங்கினர். ஏழைகளின் கைக்கு வந்து சேராமலே போன நிலம் மிகுதி. 1975இல் அறிவிக்கப்பட்ட நெருக்கடி நிலையின்போது அவர் கொண்ட போக்கும் பலருடைய குறை கூறலுக்கு ஆளாயிற்று. ஆகவே அவர் தோற்றார் என்று சொல்வாரும் உளர்.

நாம் என்ன சொல்வோம்? பத்துச் சுற்று ஓட எண்ணி ஒரு சுற்றிலேயே நின்றவரை நாம் வென்றவர் என்று சொல்வதில்லை. ஆனால் வினோபா நின்றவர் அல்லரே! கால்கள் இயன்றவரை நடந்தார். எட்ட முடியாத தூரத்தைக் குறித்துக்கொண்டு, எட்டிய மட்டும் சென்றார். மிச்சத் தூரத்தைப் பின்வருபவருக்கு விட்டுச் சென்றார்.

பின்வந்தவர்களும் இருந்தார்கள், அவர்களுள் பெண்கள் முன்னணியில் நின்றார்கள் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. திண்டுக்கல் பகுதியில் ஏழை அரிசனக் குடும்பத்தில் 1926இல் பிறந்து, பட்டம் பெற்று, கணவர் ஜெகந்நாதனுடன் பூமிதானப் பணியில் இறங்கிய கிருஷ்ணம்மாள் அவர்களை அறிவீர்கள். 1968 டிசம்பர் 25ஆம் நாள், உலகம் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடிய இரவில், கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசையில் எரிந்து மடிந்தனர். அச்செய்தி கேட்டு அத்தம்பதியர் தஞ்சைக்குச் சென்று, ஆண்டுக்கணக்கில் ஊர் ஊராக நடந்து உழைத்தார்கள். 1981இல் உழுபவர் நில உரிமை இயக்கத்தைத் தோற்றுவித்து, ஆயிரக்கணக்கான ஏழைக் குடும்பங்களுக்கு, பெண்களின் பெயரிலேயே நிலம் கிடைக்கச் செய்தார்கள். 2008இல் அவ்விருவருக்கும் மாற்று நோபல் எனப் போற்றப்படும் சரியான வாழ்வாதார விருது வழங்கப்பட்டது.

பெண்களுக்கென ஓர் ஆசிரமம்

பெண்கள் ஞான வாழ்வில் ஆண்களுக்குப் பின்னே நிற்க வேண்டியவர்கள் என்ற எண்ணத்தை வினோபா ஏற்கவில்லை. 1959 மார்ச் 25ஆம் நாள் பவனாரில் பிரம்ம வித்யா மந்திர் என்ற பெண்கள் ஆசிரமத்தை நிறுவினார். அங்கே தலைவி என்று ஒருவர் இல்லை. எல்லோரும் ஒரு மனதாக இசைந்தால்தான் எந்த முடிவும். வயல் வேலை, சமையல், துப்புரவு, அச்சு வேலை அனைத்தையும் அவர்களே செய்து தம் உழைப்பில் வாழ்ந்தார்கள். ஜெபமும் உழைப்பும் இணைந்த அவ்வாழ்வு, நம் கன்னியர் மடங்களை அறிந்த நமக்குப் புதியதன்று. 1967இல் பெண்கள் நால்வர் அவருடைய ஆசி பெற்று நாடு முழுவதும் பாத யாத்திரை புறப்பட்டுப் பன்னிரண்டு ஆண்டுகள் நடந்தார்கள். தனித்து வீதியில் செல்லவே பெண்கள் அஞ்சிய காலத்தில் இது எத்துணை பெரிய துணிவு!

1970 முதல் வினோபா பவனாரை விட்டு வெளியே செல்லவில்லை. அத்தனை தூரம் நடந்த கால்கள், தாம் நதிக்கரையில் அமைந்த அச்சிறு ஆசிரமத்துக்குள் அமைதி கொண்டன. 1982 நவம்பரில் மாரடைப்பு கண்டது. தம் காலம் நிறைந்ததென உணர்ந்து, உணவையும் மருந்தையும் விட்டு, இறை நினைவிலேயே இருந்தார். நவம்பர் 15ஆம் நாள், தீபாவளித் திருநாளன்று, தமது 87ஆம் வயதில் மறைந்தார். மறு ஆண்டு அவருக்குப் பாரத ரத்னா விருது அளித்து நாடு தன் நன்றியைச் செலுத்தியது.

நமக்கு ஒரு சொல்

அன்பு மாணவியரே! உங்களில் பலர் ஓட்டப் பந்தயத்தில் பரிசு பெறப் போவதில்லை. அதனால் குறையொன்றுமில்லை. நாளொன்றுக்கு ஒரு பக்கம் படிப்பவள், நாள்தோறும் பத்து நிமிடம் பாட்டிக்குச் செய்தித்தாள் வாசித்துக் காட்டுபவள், வகுப்பில் பின்தங்கிய தோழிக்கு ஒரு கணக்கைச் சொல்லிக் கொடுப்பவள், இவர்களெல்லோரும் நீண்ட தூர ஓட்டக்காரிகளே. இவர்களுக்குக் கைதட்டல் கிடைக்காது. ஆனால் ஆண்டுகள் கழித்துத் திரும்பிப் பார்க்கும்போது, எவ்வளவு தூரம் வந்து விட்டோம் என்று இவர்களே வியப்பார்கள்.

பெற்றோர்களே! பிள்ளைகளுக்கு நாம் சேர்த்து வைக்கும் வீடும் மனையும் அவசியமே. அவற்றோடு, பலாச்சுளையை முதலில் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய அந்த அன்னையின் பழக்கத்தையும் சேர்த்து வைப்போமா?

அடுத்த முறை மைதானத்தில் கடைசிச் சுற்றில் கால்கள் துவளும்போது, இருளில் ஒரு விளக்கின் பின்னே வேகமாய் நடந்து சென்ற அந்த மெலிந்த முதியவரை நினைத்துக் கொள்ளுங்கள். மழை வெள்ளத்தின் கரை வரையிலேனும் சென்று, இன்றும் வந்தேன் என்று சொல்லித் திரும்பிய அந்த உறுதியை நினைத்துக் கொள்ளுங்கள். இன்னும் ஒரு சுற்று, இன்னும் ஒரு நாள் என்று நாமும் நடப்போமாக! அந்த நடை பிறருக்குப் பயன்படும் நடையாக அமைய எல்லாம் வல்ல இறைவன் அருள் புரிவாராக!